நடைக்கு ஒரு பேரம்

“யோவ் லபீப்! விடிஞ்சும் என்னய்யா தூக்கம்? தொப்பைக்குத் தாலாட்டா?”

வாசல் கதவு அதிர்ந்தது. பக்கத்து வீட்டுத் துணிக்கடைக்காரர் வஜ்தி, அலெக்சாந்திரியாவின் அந்தத் தெருவையே தினமும் இப்படித்தான் எழுப்பினார்.

லபீப் கதவைத் திறந்தார். “முட்டி வலிக்குதுய்யா. இன்னைக்கு மீன் சந்தை வரைக்கும் போதும்.”

“கோட்டை வரைக்கும். ஒரு அடி குறைக்க மாட்டேன்.”

“நடுவுல படகுத்துறை. முடிச்சுக்கோ.”

“இதென்ன வெங்காய வியாபாரமா? சர்க்கரை ஏறிச் செத்தா உன்னைத் தூக்க ஊரே கூடணும். செருப்பை மாட்டுய்யா!”

செருப்பெடுக்க உள்ளே வந்த லபீப்பை மனைவி சுஆத் மறித்தாள்.

“உங்களுக்கு ஏதுங்க சர்க்கரை? எதுக்குத் தினமும் அந்த ஆள்கிட்ட ஏச்சு வாங்கணும்? நானே போய் உண்மையைச் சொல்லிடறேன்!”

“கத்தாதே. குளிர்காலத்துல அவன் தற்கொலைக்குத் துணிஞ்சு பிழைச்சானே, அப்ப டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? மருந்து மட்டும் போதாது, தினமும் நடக்கணும், தனியா விடாதீங்கன்னார். தனக்காகக் கட்டிலைவிட்டே இறங்காதவன், என்னைத் திட்டணும்னா விடியறப்பவே வந்து நிக்கிறான்.”

வெளியே மறுபடி கதவில் இடி. “தடியா, உயிரோட இருக்கியா?”

சுஆத் ஒரு கணம் கணவனை முறைத்தாள். பிறகு ஜன்னலைப் படாரென்று திறந்து, அதே கோபத்தோடு கத்தினாள்:

“அண்ணே! இந்த மனுஷன் நேத்து ஒரு தட்டு பஸ்பூசா இனிப்பை முழுங்கிட்டாரு! இன்னைக்குக் கோட்டையைத் தாண்டி இழுத்துட்டுப் போங்க!”