பழைய டேப்பின் பூட்டு

"இன்னும் ஒரே ஒரு தடவைதான், பெரியவரே. அதுலயும் தப்பாப் போட்டா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும்," என்றான் கடைக்காரன் எமில்.

நாரின் நகர பஜாரில் அவன் கடை இரண்டு பேர் நிற்கும் அகலம். நாங்கள் நான்கு பேர் நின்றோம்.

கண்ணாடி மேசைமேல் இரண்டு டேப்லெட்கள் கிடந்தன.

பழையதற்கு வயிறு உப்பியிருந்தது. யாரும் தொடாமலே அதன் திரை தானாக எழுத்துகளை அழுத்திக்கொள்ளும். அப்படித் தப்புத் தப்பாக அழுத்தியே, திறப்பதற்கு இருந்த வாய்ப்புகளை எல்லாம் தின்றுவிட்டது.

புதியது பாதி எடைகூட இல்லை. நகத்தால் தட்டிப் பார்த்தேன்; முதுகு பிளாஸ்டிக். முகர்ந்து பார்த்தேன், புது ரப்பர் காலணி வாசம். மலிவானது என்றான் எமில்.

சிக்கனமானது என்று திருத்தினேன்.

பழையதில் இருப்பதை இதற்கு மாற்ற வேண்டும். என் பேரனின் கால்கயிறு வெட்டிய நாள் அதற்குள் வீடியோவாக இருக்கிறது. எங்கள் சடங்குப்படி, நடக்கத் தொடங்கிய பிள்ளையின் கால்களைக் கட்டியிருக்கும் கயிற்றை வெட்டி, ஓடு என்று விடுபவள் என் மனைவி.

அவளை இனி வேறெங்கும் பார்க்க முடியாது.

கடைக்குள் நுழைந்ததுமே எமில் என் மருமகள் பெர்மெட்டிடம், "தாத்தா பேரு என்னக்கா?" என்று கேட்டிருந்தான், பில்லில் போடுவதற்காக. அவள் வாய் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டாள். நல்ல குடும்பத்துப் பெண். கேட்க வேண்டியதை என்னிடம் கேள் என்றேன். தலைநகர் பிஷ்கெக்கில் வளர்ந்த பையன், எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவன்; என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேரே இல்லாமல் பில் எழுதினான்.

இப்போது அவன் ஒரு கீபோர்டை எடுத்துப் பழைய டேப்போடு வயரால் இணைத்தான்.

"இதுல பாதி எழுத்து ரெண்டு தடவை விழும். எனக்குத்தான் கை பழக்கம். நீங்க சொல்லுங்கக்கா, நான் அடிக்கிறேன். பாஸ்வேர்டு என்ன?"

பெர்மெட் என்னைப் பார்த்துவிட்டு, கீபோர்டைப் பார்த்தாள்.

நான்காவது ஆள் எங்கள் தெருக்காரன் காதிர். சார்ஜர் வாங்க வந்தவன். வாங்கி முடித்தும் போகவில்லை.

"அட, சொல்லிடும்மா. பாஸ்வேர்டத்தானே கேக்குறான், பொண்ணா கேக்குறான்?"

பிறகு என் காதருகே வந்தான். "புருஷன் சைபீரியாவுல. இங்க மருமக பெட்டிக்குப் பூட்டு. அது என்னப்பா, மாமனாருக்கே தெரியாத பூட்டு?"

மாலைத் தொழுகைக்குள் இது தெரு முழுக்கப் போய்விடும்.

டேப்பை எப்போதும் பெர்மெட்தான் திறந்து என் கையில் தருவாள். எப்படித் திறக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. கேட்பது என் மரியாதைக்குப் பொருந்தாது.

"அத்தா, நீங்க கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா?" என்றாள் பெர்மெட்.

என் வம்சத்தில் ஏழு தலைமுறைத் தகப்பன்மாரின் பெயர்களையும் மூச்சு விடாமல் சொல்லத் தெரிந்தவன் நான். அந்த வரிசையில் யாரையும் ஒரு மருமகள் வெளியே போகச் சொன்னதில்லை.

"நிக்க மாட்டேன். எல்லார் முன்னாலயும் சொல்லு."

"முடியாது, அத்தா."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் எனக்கு முடியாது என்றதில்லை.

அப்படி என்ன சொல்? பேரன் பெயர் என்றால் இந்நேரம் சொல்லியிருப்பாள். பிறந்த ஊர் என்றாலும் சொல்லியிருப்பாள். மிச்சம் என்ன இருக்கிறது?

மிச்சம் என்னவென்று காதிரின் கண்களில் தெரிந்தது.

பெர்மெட் முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டாள். எனக்கும் கீபோர்டுக்கும் நடுவில் வந்து, எனக்கு முதுகு காட்டி நின்றாள். வாயைத் திறக்காமலே ஒரு எழுத்தின்மேல் விரலைக் காட்டினாள். எமில் அதை அழுத்தினான். இன்னொன்றைக் காட்டினாள். அழுத்தினான்.

அடுத்தவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை.

எட்டிப் பார்த்தேன். அவள் முக்காடுதான் தெரிந்தது. சிவந்துபோன ஒரு காதும்.

திரை வெளிச்சமானது. கையில் கத்தரிக்கோலோடு என் மனைவி சிரித்தாள்.

"தொறந்துடுச்சு!" எமில் மேசையைத் தட்டினான். அழுத்திய எழுத்துகளை மனதுக்குள் கூட்டிப் பார்த்தவன், வாய்விட்டே படித்தான்.

"பால்-தா-பாய். யாருக்கா இந்த பால்தாபாய்? சினிமா நடிகரா?"

பெர்மெட் தரையைப் பார்த்தாள். முதலில் தாத்தா பேரைக் கேட்டபோது எப்படி நின்றாளோ அப்படியே நின்றாள்.

காதிர் வெள்ளைக் கம்பளிக் குல்லாவைக் கழற்றி, அதற்குள் எதையோ தேட ஆரம்பித்தான்.

"நான்தான்," என்றேன்.

எமில் சிரிப்பை விழுங்கினான். "புதுசுக்கும் இதே பாஸ்வேர்டா, பெரியவரே?"

பெர்மெட் மறுபடி விரலை நீட்டினாள். நான் அவளை நகர்ந்து நிற்கச் சொன்னேன்.

முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, பஜார் முழுக்கக் கேட்கும்படி நானே சொன்னேன்.