அரக்குக் கரை

"அரக்குக் கலர்ல ஜாக்கெட் துணி வேணும் மாமா. அலமாரிகிட்ட போறதுக்குள்ள மறந்துறாதீங்க லா."

பிரேமலா சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தங்காக் ஊர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும், மேசைக்குப் பின்னால் நின்ற திருச்செல்வமும் சிரித்து வைத்தார். அவர் மனைவி செல்வராணி இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தங்கைக்காரி பிரேமலாவின் நாக்கு அதற்கெல்லாம் அடங்குவதில்லை.

"சும்மா இருங்கம்மா, பாவம் பெரியப்பா," என்றாள் மகள் பிரவீனா.

"என்னடி பாவம்? மருந்து வாங்கப் போனா வெறுங்கையோட வருவாரு. லாபிஸ்ல நம்ம வீட்டுல சாப்பிட்டுக் கிளம்பினவரு, அக்காவோட கல்யாணச் சேலையைப் பையோட பஸ்ல விட்டுட்டாரு. செத்தா அதைக் கட்டித்தான் தன்னை அனுப்பணும்னு அக்கா கெஞ்சுச்சு. கடைசியில என்ன கட்டினோம்? கடையில வாங்கின சேலை!"

சேலை தொலைந்த இந்தப் பன்னிரண்டு வருடமாகத் திருச்செல்வமும் அப்படித்தான் நம்பினார். குடையையும் சாவியையும் தொலைக்கிறவர் எந்த வாயால் மறுப்பார்? ஒரு முறை கையில் பிடித்த துணியை அவர் மறந்ததே இல்லை என்பது கடை முதலாளிக்கு மட்டும்தான் தெரியும்.

செல்வராணி அன்று திட்டவில்லை. "எங்கயாவது கண்ணுல பட்டா எடுத்துட்டு வந்துருங்க" என்றாள். அதையும் அவர் மறந்துபோனார்.

"பெரியப்பா, இதுக்குச் சேர்ற மாதிரி பாருங்க." பிரவீனா கைப்பையிலிருந்து ஒரு சாண் கரைத் துண்டை எடுத்து நீட்டினாள். "என் நிச்சயதார்த்தப் பாவாடைக்கு அம்மாகிட்ட இருந்த பழைய சேலையில வெட்டினது."

"அதை ஏன்டி எடுத்துட்டு வந்த?" பிரேமலாவின் குரல் சட்டென்று உயர்ந்து, உடனே தணிந்தது. "சரி, குடு. நேத்து சாப்பிட்டதே ஞாபகம் இல்லாத மனுசன்."

திருச்செல்வம் பழக்கத்தில் துண்டைத் திருப்பி, ஜரிகையின் உட்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். விரல் நின்றது. ஆணியில் மாட்டிக் கிழிந்த இடத்தில், பச்சை நூலில் ஐந்து தையல். கல்யாணத்தன்று காலையில் செல்வராணியின் சேலையில் அவரே போட்டது.

"என்ன மாமா, மறந்துட்டீங்களா?"

அவர் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இல்லம்மா, இப்பத்தான் ஞாபகம் வருது. ராணி எடுத்துட்டு வரச் சொன்னா. மீதிச் சேலை எங்க?"