ஏழு சுற்று காபி

"வலை கிழிஞ்சுபோனா உங்க வீட்ல எப்படித் திட்டுவாங்கக்கா?"

"முதல்ல உங்க வீட்டு வசவைச் சொல்லுங்க தம்பி!" என்று சிரித்தாள் வீட்டுக்கார அக்கா, பின்னல் ஊசியை நிறுத்தாமலே.

தவ்னோ கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளே ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. முன்னாலேயே காட்டினால் ஏரிக்கரை ஆட்களுக்கு வாய் அடைத்துப்போகும், கடைசியில் சொல்லிக்கொள்ளலாம்.

கைரா, பின்னிஷ் மொழிக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதைப் பேச உலகத்தில் ஒரே ஆள்தான் மிச்சம், அதுவும் இந்த வீட்டில். அந்தப் பேச்சு பதிவாகாவிட்டால், வெள்ளிக்கிழமையோடு தவ்னோவின் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

காலையில் நுழைந்ததுமே, "குளிர் கொல்லுது!" என்றான் கைராவில். "அடுப்போரமா வாங்க" என்று அதே மொழியில் பதில் வந்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பேர் கேட்கவில்லை. காபி குடிக்கும்போதே விசாரணையா?

மத்தியானம் மணி மூன்று. ஜன்னலில் அதற்குள் குளிர்கால இருட்டு. ஏழாவது சுற்றுக் காபியை ஊற்றிவிட்டு, வேலைக்காரக் கிழவர் வாய் திறக்காமல் மூலைக்குப் போனார்.

"மாமியாரை எப்படிக் கூப்பிடுவீங்க தம்பி?"

"கூப்பிடவே மாட்டோம். அவங்களாவே வந்துடுவாங்க."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். இனியும் மறைப்பது பாவம். ரெக்கார்டரை எடுத்து, நிறுத்தி, மேஜைமேல் வைத்தான் தவ்னோ.

"மன்னிச்சுக்கங்கக்கா. நான் ஹெல்சிங்கியில ஆராய்ச்சி பண்றவன். கைராவோட கடைசி ஆள் நீங்கதான்."

அவள் முகம் வெளுத்தது. பின்னல் பைக்குள்ளிருந்து இன்னொரு ரெக்கார்டரை எடுத்துப் பட்டென்று நிறுத்தினாள்.

"நான் துர்க்கு யூனிவர்சிட்டியிலேர்ந்து வந்த ஆராய்ச்சிக்காரி. கடைசி ஆள் நீங்க இல்லையா? இவ்வளவு சுத்தமா பேசினீங்களே!"

"ஹில்க்கான்னு ஒருத்தர் எழுதின இலக்கணத்துல படிச்சது."

"நான்தான் ஹில்க்கா."

இரண்டு பேரும் வீட்டைச் சுற்றிலும் பார்த்தார்கள்.

"அப்போ இது யார் வீடு?" என்றான் தவ்னோ.

"என்னோடது" என்று மூலையிலிருந்து எழுந்தார் கிழவர். "அடுத்தவங்க பேசும்போது குறுக்கே பேசக் கூடாதுன்னு எங்கம்மா கண்டிச்சு வளர்த்தா. அதான் காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்."

எந்த இலக்கணத்திலும் ஏறாத, தேன் போன்ற கைரா!

"அப்பாடா, இந்த வருஷத்துக்குப் பேச வேண்டியதைப் பேசியாச்சு" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் சவுனாவில் நீராவிக் குளியலுக்குப் போய்விட்டார். மேஜைமேல் இரண்டு ரெக்கார்டர்களும் அணைந்து கிடந்தன.