வராதவர் பட்டியல்

"ஞாயித்துக்கிழமை வேலைன்னு போன்ல சொன்னீங்க. டிப்போவுல விசாரிச்சேன். பன்னிரண்டு வாரமா ஞாயிறு லீவு வாங்கியிருக்கீங்களாமே?"

சபைச் செயலாளர் வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லும் உத்தேசம் பஸ் டிரைவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை. கதவைப் பாதிதான் திறந்தார். அடிக்கடி பின்னால் வேறு திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

செயலாளருக்கு முட்டிவலியில் உயிர் போயிற்று. காலை ஆராதனை முடிந்த கையோடு கிளம்பியவர். இது ஆறாவது வீடு. வெள்ளைச் சட்டை வேர்வையில் ஊறிப்போயிருந்தது. ஐந்து வீட்டிலும் ஐந்து சாக்கு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கையில் வராதவர் பட்டியல் இருந்தது. பன்னிரண்டு வாரம் தொடர்ந்து வராவிட்டால் அங்கத்தினர் பெயரை அடித்துவிட வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்த புண்ணியவானே அவர்தான்.

"பொய் சொன்னது தப்புதான்யா." டிரைவர் தலையைத் தொங்கப்போட்டார்.

"வாயால சொன்னா ஆச்சா? அடுத்த மாசம் பொண்ணு கல்யாணம். பேரை அடிச்சிட்டா சபையில நடத்த முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும்யா. அவகிட்ட பேசிட்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வெச்சுக்கலாம்பான்னு சொல்லிட்டா."

செயலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், படிய வாரிய தலை.

"ஆராதனைக்கு வரத்தான் நேரமில்லை. ஊர் சுத்த மட்டும் ஜோராக் கிளம்பியாச்சு!"

செயலாளர் அலுப்போடு பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது.

"ஆகவே, பிரியமானவர்களே..."

பதினைந்து வருஷம் கேட்டுப் பழகிய குரல். பழைய போதகர்! ஓய்வு பெற்று மகன் வீட்டோடு போனவர். 'நம் பழைய போதகருக்காக ஜெபிப்போம்' என்று வாராவாரம் சபையில் வாசிப்பதே செயலாளர்தான். எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவைகூட விசாரித்ததில்லை.

"இவர் எப்படி இங்க?"

"மகன் வெளிநாடு போறப்ப முதியோர் இல்லத்துல விட்டுட்டுப் போயிட்டார்யா. ஞாபகம் மொத்தமும் போச்சு. ஞாயித்துக்கிழமை மட்டும் மறக்கல. விடிஞ்சதும் அங்கியைக் கேட்பார், பிரசங்கம் பண்ணணும்னு. கேட்க ஆளில்லைன்னா அழுவார். அங்க தொல்லைன்னு தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்க வெச்சாங்க. பார்க்கப் போனப்ப மனசு கேக்கல, கூட்டிட்டு வந்துட்டேன்."

"சபையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"கூட்டமாப் பார்க்க வருவாங்க. யாரையும் அடையாளம் தெரியாம அவர் கூனிக்குறுகிப் போவார்யா." டிரைவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். "முன்னால ஒருத்தர் சபைக்கு வந்த மாதிரி உடுத்தி உட்கார்ந்திருந்தாத்தான் நிம்மதியாப் பேசுவார். அதான் நான்."

செயலாளருக்கு வெட்கமாக இருந்தது. பேனாவை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

சின்ன அறை. ஒரே ஒரு நாற்காலி. அதற்கு எதிரே, துவைத்த வெள்ளை அங்கியில் போதகர் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, நான்தான்... உங்க சபைச் செயலாளர்."

போதகர் கண்ணை இடுக்கிக்கொண்டு அவரையே பார்த்தார். பிறகு, பின்னால் வந்து நின்ற டிரைவரைக் காட்டிக் கனிவாகக் கேட்டார்.

"இந்தத் தம்பி ஒரு வாரம்கூடத் தவறினதில்லை. உங்களை நம்ம சபையில நான் பார்த்ததே இல்லையே. ஏன் வர்றதில்லை?"