மொரிதா துரையின் மணல் தோட்டம்

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ஜப்பானியப் பல் வைத்தியர் மொரிதா துரை செடியே இல்லாமல், வெறும் மணலில் ஒரு தோட்டம் போட்டார். நானூறு வருஷத்துக்கு முன்பிருந்த சோவாமி என்ற ஜப்பானிய ஓவியர் தோட்டமும் அமைப்பாராம், அவர் பாணியாம். மணலில் கோடு இழுக்க வந்த எட்டுப் பேரை, கோடு கோணல் என்று துரை விரட்டிவிட்டார். ஒன்பதாவதாகப் போன அய்யாசாமியை மட்டும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டார்.

அவன் மனைவி வேலம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "எங்க வீட்டுக்காரர் இழுத்தா, கோடு நூல் புடிச்ச மாதிரி நிக்கும்!" என்று தெரு முழுக்கச் சொன்னாள். எங்கே கற்றார் என்று கேட்டால் மட்டும், அவள் அடுப்பில் உடனே ஏதோ தீய்ந்துவிடும்.

ஏழாம் நாள் அய்யாசாமி வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்தான்.

"வேலை போச்சாங்க?"

"போச்சுன்னுதான் நெனச்சேன். வானம் கறுத்துச்சு. போட்ட கோடு எல்லாத்தையும் கலைச்சு, மணல் மொத்தத்தையும் அம்பாரமாக் குவிச்சுட்டேன். மூடச் சாக்குத் தேடும்போது துரை வந்துட்டாரு."

"அட மனுஷா! மணல் நனைஞ்சா என்னவாம்?"

"பன்னெண்டு வருஷம் அரிசி மில்லுக் களத்துல நெல்லைக் கோடு கோடா இழுத்துக் காயப்போட்ட கையாச்சே! மேகத்தைக் கண்டா சும்மா இருக்குமா?"

"துரை அடிச்சாரா?"

"கும்பிட்டாரு! சோவாமி போட்டதாச் சொல்ற தோட்டத்துல, நிலா பாக்க இதே மாதிரி மணல் மேடு இருக்காம். நான் கேக்கத் தயங்கினதை நீயே செஞ்சுட்டியேன்னு கண்கலங்கி, வேலையை நிரந்தரமாக்கிட்டாரு."

"நெல்லுக் கதையைச் சொன்னீங்களா?"

"கும்பிட்டுக்கிட்டு நிக்கிறவர்கிட்ட எப்படிடி சொல்றது? நானும் பதிலுக்குக் கும்பிட்டுட்டு வந்துட்டேன்."