இரண்டு கசிவுகள்

"ஜூலை 9. மரத்தூளைத் துடைக்காமல் சிலிக்கான் பசை பூசிவிட்டேன். மூன்றாவது முறையும் என் தவறுதான்."

நாட்குறிப்பை எழுதி முடித்த கிருபாகரன், பழைய பசையைச் சுரண்டிவிட்டு, பாம்பு வளர்க்கச் செய்த மரப்பெட்டியின் இடுக்குகளில் மறுபடி பூசினான். மறுநாள் மாலை வகுப்பு முடிந்து வந்ததும், எரியும் டார்ச்சைக் காலிப் பெட்டிக்குள் வைத்து மூடி, அறை விளக்கை அணைத்தான். இரண்டு மூலைகளில் வெளிச்சம் கசிந்தது.

"இன்னும் ஓட்ட கீதாடா? நாளைக்கும் இப்டின்னா பாம்பத் திருப்பிக் குட்த்துடு நைனா," என்றாள், பாம்பு இருந்த டப்பாவை மடியில் வைத்திருந்த அக்கா பானுப்பிரியா.

"அடைச்சிர்றேன்க்கா," என்று எரிச்சலோடு குனிந்தான்.

உள்ளே ஏதோ குறுக்கே வந்ததுபோல இடது மூலை இருண்டது. அது தெளிந்ததும் வலது மூலை இருண்டது.

அக்கா கைபேசி வெளிச்சத்தில் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். "பாம்பு இங்கதானடா கீது?"

பாம்பு அங்கேதான் சுருண்டிருந்தது.

"ஜூலை 10. கசிவு இரண்டு. நாளை பெட்டியைத் திறக்காமல், வெளிப்பக்கமாகப் பூச வேண்டும்."