சொந்த ஊர்க் கோப்பு

சாவி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

மூன்று மணிக்குப் புதிய அமைச்சர் வருவார். அவரிடம் அமைச்சர் அறைச் சாவியைக் கொடுத்து, கை குலுக்கி, சிரித்தபடி படியிறங்க வேண்டும். அந்த அலுவலகத்தில் அதுதான் வழக்கம். தோற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை.

நாலே வாரம். நாற்காலி சூடேறுவதற்குள் எழுந்திருக்கச் சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை நாடாளுமன்றத்தில் அரசு கவிழ்ந்தது. இன்று வெள்ளி. காலையில் அரண்மனைக்குப் போய் மன்னரிடம் விடை பெற்று வந்தாயிற்று. ஓஸ்லோவில் நல்ல வெயில். செப்டம்பர் முடிய நாலு நாள் இருந்தது.

மேஜையில் கோப்புகள் ஒரு முழ உயரத்துக்கு இருந்தன. அடியில் இருந்ததை அவர் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

ஸ்வார்த்தோய். வடகோடித் தீவு. துறைமுக வாயிலில் அலைத்தடுப்புச் சுவரை மறுபடி எழுப்பும் திட்டம்.

போரின் கடைசிப் பனிக்காலத்தில், ஜெர்மன்காரர்கள் பின்வாங்கும்போது வெடி வைத்துத் தகர்த்த சுவர் அது. பதினைந்து வருடமாகக் கடல் நேரே உள்ளே வந்து போகிறது.

இரண்டு வருடம் முன்பு அந்த வாயிலில்தான் அவருடைய தங்கை போர்கில்டின் கணவன் கடலோடு போனான். கரையிலிருந்து கூப்பிடு தூரம். ஊரே கரையில் நின்று பார்த்தது. படகு மட்டும் கரை ஒதுங்கியது.

அந்தப் படகைப் பழுது பார்த்து இப்போது அவள் மகன் ஓட்டுகிறான். அவன் பெண்டாட்டிக்கு ஆறாம் மாதம்.

பதவியேற்ற அன்று செயலர் அந்தக் கோப்பைத்தான் முதலில் நீட்டினார். செப்டம்பருக்குள் கையெழுத்தானால்தான் பனிக்காலத்துக்கு முன் கல் இறங்கும் என்றார்.

அவர் அதை வாங்கி அடுக்கின் அடியில் வைத்தார்.

சொந்த ஊர். அமைச்சரானதும் தன் வீட்டு வாசலைத்தான் முதலில் கூட்டினான் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது. ஊரார் முதலில் உட்காரட்டும். வீட்டு மனிதர்களுக்குக் கடைசிப் பந்தி போதும்.

அப்படித்தான் நினைத்தார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு வரி விடாமல் படித்தார். பாதி அடுக்குக்கூடக் குறையவில்லை.

போர்கில்ட் எதுவும் கேட்டதில்லை. சனிக்கிழமைதோறும் தீவின் ஒரே தொலைபேசியிலிருந்து அவர் தங்கியிருந்த அறைக்குக் கூப்பிடுவாள். உருளைக்கிழங்கு எப்படி வந்திருக்கிறது என்று சொல்வாள். மருமகளுக்குக் கால் வீங்குகிறது என்பாள்.

போன சனிக்கிழமை மட்டும், வைக்கப் போகும்போது கேட்டாள்.

"கல்லு ஏத்தின கப்பல் எப்ப வரும்ணா? ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்."

"வரும்மா" என்றார்.

அடுத்த திங்கட்கிழமையே அரசு போய்விட்டது.

கவிழ்ந்த அரசு அன்றாட வேலையை மட்டும் பார்க்கலாம். புதிதாக எதற்கும் கையெழுத்துப் போடுவது முறையில்லை. நேற்று அவர் அந்தக் கோப்பை உருவி, பேனாவைத் திறந்தார். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பேனாவை மூடினார். கோப்பு மறுபடி அடிக்கே போனது. தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

மணி மூன்றாகப் பத்து நிமிடம்.

அவர் எழுந்தார். அடுக்கைத் தூக்கினார். அடியில் இருந்ததை எடுத்து மேலே வைத்தார்.

வாழ்நாளில் தன் ஆட்களுக்காக அவர் செய்த முதல் சலுகை.

புதிய அமைச்சர் சொன்ன நேரத்துக்கு வந்தார். எதிர்க்கட்சிக்காரர், ஆனால் தங்கமான மனிதர். போர்க்காலத்தில் இருவரும் ஒரே சிறையில் ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்றவர்கள். அவர் கைக்குப் போனால் நியாயம் கிடைக்கும்.

சாவி கை மாறியது. சிரித்தார்கள்.

வந்தவர் மேஜையருகே போய் மேலே இருந்த கோப்பைப் பிரித்தார்.

"ஸ்வார்த்தோய். இது உங்க ஊராச்சே?"

"ஆமாம்."

"நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கலாமே?"

"என் ஊர். அதனாலதான் போடல."

வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்குச் சிறையில பார்த்த அதே மனுஷன்தான் நீங்க. கொஞ்சங்கூட மாறல."

பிறகு, யோசித்து, மெல்லச் சொன்னார்.

"வந்த அன்னிக்கே நான் இதைப் போட்டா, பழைய அமைச்சர் காதுல ஓதிட்டுப் போயிட்டார்னு பேசுவாங்க. உங்க பேர்ல அப்படி ஒரு சொல் விழ நான் விடமாட்டேன்."

கோப்பை மூடினார். அடுக்கைத் தூக்கி, ஒரு கௌரவப் பொருளை வைப்பதுபோல, இரண்டு கையாலும் அதை அடியில் வைத்தார்.

ஒரு வாக்கியம் போதும். இந்தப் பனிக்காலம் என் தங்கை மகன் அந்த வாயில் வழியாகத்தான் போவான். அவ்வளவுதான். தொண்டை வரை வந்தது.

"நன்றி" என்றார்.

தெருவில் வெயில் குறையவேயில்லை. இலைகூட அசையவில்லை. ட்ராமுக்காகக் காத்திருந்தவர்களில் யாரோ அடையாளம் கண்டு தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார்கள். அவரும் செய்தார்.

நாளை சனிக்கிழமை.

போர்கில்ட் கூப்பிடுவாள். உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசுவாள்.